நீரைப் படித்தவர்கள்: மீன்வள ஆய்வுத் துறையின் வரலாறும் நம் பிள்ளைகளும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் திருத்தும் கட்டுரைத் தலைப்பு ஒன்றுண்டு: ‘என் எதிர்கால ஆசை’. மருத்துவர், வழக்கறிஞர், விமானி, காவல் அதிகாரி, ஆசிரியர் ஆகியோர் அதில் தவறாமல் இடம்பெறுவர். அண்மைக் காலத்தில் யூடியூபரும் சேர்ந்து கொண்டார். மீன்வள ஆய்வாளர் ஆக வேண்டும் என்று எழுதிய ஒரு பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. நாம் வாழ்வதோ நீரிணையின் கரையில் அமைந்த ஜொகூர் பாருவில். நம் சமையலறையில் மீன் மணக்காத வாரம் அரிது. இருந்தும், அம்மீனைப் பற்றி அறிவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் கேள்விப்படுவதே இல்லை.

இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் தமிழகக் கடற்கரைக்கும் மலேசியாவிற்கும் பெரும்பங்கு உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன்பிடித்தல் வேறு, மீனைப் படித்தல் வேறு

நெய்தல் நிலத்தைத் தனித் திணையாக வகுத்த இனம் நம்முடையது. காற்றின் திசை, நீரின் நிறம், பறவைகளின் வட்டமிடல் ஆகியவற்றைக் கொண்டு மீன் இருக்கும் இடத்தைக் கணித்தவர்கள் நம் பரதவர். அந்த அறிவு மதிப்பிடற்கரியது. ஆயினும் ஒரு கேள்விக்கு அது விடை தராது. கடலில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கிறது, இவ்வாண்டு எவ்வளவு பிடித்தால் அடுத்த ஆண்டும் மீன் இருக்கும் என்பதே அக்கேள்வி. தனி மீனவர் ஒருவர் தம் வலையை மட்டுமே காண முடியும். ஆயிரம் வலைகளையும் சேர்த்துக் காண வேறொருவர் தேவைப்படுகிறார்.

அறிஞர்களும் இதில் தடுமாறியதுண்டு. 1883ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த அனைத்துலக மீன்வளக் கண்காட்சியில் உரையாற்றிய தோமஸ் ஹக்ஸ்லி, பெருங்கடல் மீன்வளம் எடுக்க எடுக்கக் குறையாதது என்னும் கருத்தை முன்வைத்தார். அவர் அக்காலத்தின் தலைசிறந்த உயிரியல் அறிஞர்களுள் ஒருவர். நூறு ஆண்டுகள் கடந்து, 1992இல் கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அரசு மீன்பிடிக்கத் தடை விதித்தது. பல்லாயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தனர்.

மீனை எப்படி எண்ணுவது என்று பிள்ளைகள் கேட்பர். கடலுக்குள் இறங்கி யாரும் எண்ணுவதில்லை. படகுத்துறையில் இறக்கப்படும் மீன்களின் நீளத்தையும் எடையையும் நாள்தோறும் அளந்து குறிக்கின்றனர். மீனின் தலைக்குள் காதுக்கல் என்ற சிறு கல் உண்டு. மரத்தை அறுத்தால் வளையங்கள் தெரிவது போல, அக்கல்லை மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வளையங்கள் தெரியும். அவற்றைக் கொண்டு மீனின் வயதை அறியலாம். வயதான மீன்கள் வரவர அருகி, இளம் மீன்கள் மட்டுமே வலையில் சிக்கினால் ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். பொறுமையாக அளப்பதும், குறிப்பதும், காத்திருப்பதுமே இத்தொழிலின் அடிப்படை.

சென்னை மாநிலத்தில் ஒரு தொடக்கம்

இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர் ஒரு மருத்துவர் என்றால் நம் பெற்றோர் சிலர் வியப்படையலாம். பிரான்சிஸ் டே என்னும் அவ்வாங்கிலேயர் சென்னை மாநிலத்தின் மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவிற்கு வந்தவர். மீன்கள்மீது கொண்ட ஈடுபாடு அவரை வேறு பாதைக்கு அழைத்துச் சென்றது. இந்திய மீன்கள் குறித்த அவருடைய நூல் 1875க்கும் 1878க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1873இல் நன்னீர் மீன்வளம் பற்றி அவர் அளித்த அறிக்கை, சிறுகண் வலைகளால் மீன் குஞ்சுகள் அழிவதைச் சுட்டிக்காட்டியது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாக அறியப்படும் இவ்வரசு அதிகாரி, 1905இல் சென்னை மாநில மீன்வள ஆய்வுப் பொறுப்பை ஊதியமில்லா மதிப்புறு பணியாக ஏற்றார். 1907இல் சென்னை மீன்வளப் பணியகம் உருவாயிற்று. ஜப்பானின் மீன்பிடித் தொழிலை நேரில் கண்டு அறிக்கை எழுதினார். மீனை உப்பிடுதல், பதப்படுத்துதல், மீனெண்ணெய் எடுத்தல் என்று மீனவரின் வருவாயோடு நேரடித் தொடர்புடையவற்றில் கருத்தைச் செலுத்தினார். மீனவர் பிள்ளைகளுக்கென்றே அத்துறை பின்னர்ப் பள்ளிகளையும் நடத்தியது. மீன்வளத் துறை பள்ளிக்கூடம் நடத்திய செய்தி ஆசிரியர்களாகிய நமக்குத் தனி மகிழ்ச்சி தருவதன்றோ!

நிக்கல்சனுக்குப் பின் அத்துறையை வழிநடத்தியவர்களுள் ஜேம்ஸ் ஹார்னெல் முதன்மையானவர். கடல் உயிரியல் அறிஞராகிய இவர், தமிழகக் கரையின் கட்டுமரங்களையும் படகுகளையும் அளந்து, வரைந்து, நூலாகவும் எழுதி வைத்தார். மீனைப் படிக்க வந்தவர் மீனவரையும் படித்தார்.

முத்துக் கடல் கற்பித்த பாடம்

ஹார்னெல் முதலில் வந்தது மன்னார் வளைகுடாவிற்கு. 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் தலைமையில் இலங்கையின் முத்துச் சிப்பிப் பார்களை ஆராயும் பணிக்காக வந்தார். கடலடியில் சிப்பிகள் படிந்து வாழும் திட்டுகளையே ‘பார்’ என்பர். இளஞ்சிப்பிகள் சில பார்களில் கோடிக்கணக்கில் தோன்றுவதையும், பருவக்காற்றுக் காலத்து நீரோட்டத்தில் அவை அழிவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்க்கலாம் என்று அறிவுறுத்தினர்.

1905இல் நடந்த முத்துக்குளிப்பு மாபெரும் வெற்றி பெற்றது. அதைக் கண்ட முதலீட்டாளர்கள், 1906இல் நிறுவனம் அமைத்து இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். ஆனால் 1907க்குப் பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. நிறுவனமும் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. அளவு மீறிய குளிப்பா, இயற்கையின் ஏற்ற இறக்கமா என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. ஒன்று மட்டும் தெளிவு. கடலின் ஒரு நல்ல ஆண்டை வைத்து இருபது ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டனர். ஆய்வு என்பது ஒன்று, மேலாண்மை என்பது மற்றொன்று. அறிந்ததைக் காலமறிந்து செயற்படுத்துவோர் இல்லையேல் ஆய்வறிக்கை அலமாரியில் உறங்கும்.

கடலின் எதிர்க்கரையில் உள்ள தூத்துக்குடியிலும் இதே நிலைதான். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே அங்கு இறுதியானது. தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி மூழ்கிய குளியாட்களின் தொழில் அத்துடன் முடிந்தது.

கதை அங்கு நிற்கவில்லை. இந்தியா விடுதலை அடைவதற்குச் சில திங்கள் முன்னதாக, 1947 பிப்ரவரி 3ஆம் நாள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1949இல் அது இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள மண்டபத்திற்கு மாறியது. மண்டபம் முகாம் என்ற பெயரை நம்முள் மூத்தோர் கேள்விப்பட்டிருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்த இடம் அது. மலாயாவிற்கு வந்த நம் பாட்டன் பாட்டியர் நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் அத்தகைய முகாம்களைக் கடந்து வந்தனர். கூலிகளாக மக்கள் காத்துக்கிடந்த ஊரிலேயே, பின்னர்க் கடலறிவியல் அறிஞர்கள் உருவாயினர்.

அந்நிறுவனத்தின் அறிஞர் கே. அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் 1972இல் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கினார். ஜப்பானியர் மறைபொருளாகக் காத்துவந்த நுட்பம் அது. சிப்பியின் உடலைத் திறந்து, சிறு உருண்டையையும் மற்றொரு சிப்பியின் மேலுறைத் திசுத் துண்டையும் உள்ளே பொருத்த வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் சிப்பி இறந்துவிடும். 1973 ஜூலையில், இந்தியாவின் முதல் முழு உருண்டை வளர்ப்பு முத்து அவர் கையில் கிடைத்தது. 1981இல் முத்துச் சிப்பியின் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையும் அங்கு வெற்றி பெற்றது. கடலடியில் அற்றுப்போனதை ஆய்வுக்கூடத்தில் ஒரு தமிழர் மீட்டெடுத்தார். இச்செய்தியை நம் பாடநூல்களுக்கு வெளியேயாவது நம் மாணவர்க்குச் சொல்ல வேண்டாமா?

1961, பினாங்கு

தூத்துக்குடியில் இறுதி முத்துக்குளிப்பு நடந்த அதே 1961ஆம் ஆண்டில், நம் நாட்டின் பினாங்கில் ஒரு பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. அது மலாய் மொழியில் ‘ஊடாங் காலா’ எனப்படும் பெரிய நன்னீர் இறாலைப் பற்றியது. நம் ஜொகூர் ஆற்றில், கோத்தா திங்கிப் பகுதியில், தூண்டில்காரர்கள் இன்றும் விரும்பித் தேடும் அதே இறால்தான்.

ஆற்றில் வாழும் இவ்விறாலை வளர்க்க முயன்ற எவருக்கும் அதன் குஞ்சுகள் தங்கவில்லை. முட்டை பொரிந்த சில நாள்களில் நுண்குஞ்சுகள் அனைத்தும் மடிந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பின் வல்லுநர் ஷாவ் வென் லிங், பினாங்கு குளுகோர் மீன்வள ஆய்வு நிலையத்தில் இதை ஆராய்ந்து கொண்டிருந்தார். எந்த உணவைக் கொடுத்தும் பயனில்லை. சலித்துப்போய் ஒரு கலத்தில் சிறிது சோயா சாஸைச் சேர்த்தபோது, அக்கலத்துக் குஞ்சுகள் மட்டும் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தன என்று ஒரு கதை இத்துறையினரிடையே வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் முடிவு உறுதியானது. குஞ்சுகளுக்கு வேண்டியிருந்தது உணவன்று, உப்பு. தாய் இறால் ஆற்றின் வழியே கழிமுகத்திற்கு இறங்கி வருகிறது. நன்னீரும் கடல்நீரும் கலந்த உவர்நீரில் குஞ்சுகள் வளர்கின்றன. பின்னர்தான் அவை ஆற்றில் ஏறிச் செல்கின்றன.

இவ்வுண்மை வெளிப்பட்டபின் உலகின் நிலை மாறியது. மலேசியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இறால்களைக் கொண்டு, தக்குஜி புஜிமுரா என்பவர் பெருமளவில் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கினார். தைவானிலும் தாய்லாந்திலும் இறால் வளர்ப்பு பெருந்தொழிலாயிற்று.

இதில் பொதிந்துள்ள மற்றொரு பாடத்தையும் கவனியுங்கள். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நாம் தடுப்பணை கட்டினால், கழிமுகத்தைத் தூர்த்தால், மேலே ஆற்றில் இறால் அருகும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அறிந்தவர் ஒருவர் திட்டமிடும் அறையில் அமர்ந்திருக்க வேண்டும். மீன்வள மேலாண்மை என்பது இதுவே.

கடலில் கோடு கிழித்த கதை

மேலாண்மைக்கு நம் நாட்டிலேயே கசப்பான சான்று உண்டு. 1960களில் இழுவைமடிப் படகுகள் மேற்குக் கடற்கரையில் பெருகின. அவை கடலடியை வாரிச் சென்றன. கரையோரத்தில் சிறு படகில் தொழில் செய்தோரின் வலைகள் அறுந்தன, மீன்பாடு குறைந்தது. கடலிலேயே மோதல்கள் வெடித்தன. படகுகள் எரிக்கப்பட்டன, மூழ்கடிக்கப்பட்டன. மீனவர் பலர் உயிரிழந்தனர்.

1971இல் மலேசிய மீன் வளர்ச்சி வாரியம் அமைக்கப்பட்டது. 1981இல் கடலை மண்டலங்களாகப் பிரிக்கும் உரிமமுறை வந்தது. கரையிலிருந்து முதல் ஐந்து கடல் மைல்கள் மரபுவழி மீனவர்க்கென ஒதுக்கப்பட்டன. இழுவைமடிப் படகுகள் அவற்றின் எடைக்கேற்ப அதற்கு அப்பால் அனுப்பப்பட்டன. 1985இல் மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்து கடல் மைல் என்பது காகிதத்தில் ஒரு கோடு. அக்கோட்டின் பின்னால் இழந்த உயிர்களும் உண்டு, கரையோர நீரே மீன் குஞ்சுகளின் தொட்டில் என்ற அறிவியலும் உண்டு.

நம் நீரிணை

இப்பொழுது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1924இல் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர் பாலம் உண்மையில் தூண்கள்மீது நிற்கும் பாலமன்று. கல்லிட்டு நிரப்பிய கரை. அது நீரிணையைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்துவிட்டது. நீர் இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் தடையின்றி ஓடுவதில்லை. நகரங்களின் கழிவும் தொழிற்பேட்டைகளின் கழிவும் சேரும் நீரில், ஓட்டமும் குறைந்தால் என்ன ஆகும்?

2014 பிப்ரவரியில் விடை தெரிந்தது. மேற்கு நீரிணையில், தஞ்சோங் குப்பாங் பகுதியில், கூண்டுகளில் வளர்த்த மீன்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. பல மாத உழைப்பு சில நாள்களில் மிதந்தது. அவ்வாரம் வகுப்பில் ஒரு மாணவன், “கடல்ல யார் ஐயா விஷம் போட்டது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. விடையைக் கண்டவர்கள் நீரை நுண்ணோக்கியில் பார்த்த ஆய்வாளர்கள். கர்லோடினியம் ஆஸ்திரேல் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி இனம் அந்நீரில் பெருகியிருந்ததை அவர்கள் கண்டறிந்து ஆய்வேட்டில் வெளியிட்டனர். இவ்வகைப் பாசிகள் மீன்களின் செவுள்களைத் தாக்கும் நச்சை வெளியிடுபவை. இதை அறிந்ததனால் மடிந்த மீன் பிழைக்கவில்லை. ஆனால் நீரைத் தொடர்ந்து சோதித்து, பாசி பெருகத் தொடங்கும்போதே கூண்டுக்காரரை எச்சரிக்க முடியும் என்ற வழி திறந்தது. அறியாமல் இருந்திருந்தால் அண்டை வீட்டாரைச் சந்தேகித்துக் கொண்டிருப்போம்.

அதே மேற்கு நீரிணையில்தான் சுங்கை புலாய் சதுப்புநிலக் காடும் மெராம்போங் கடற்புல் வெளியும் உள்ளன. சுங்கை புலாய், தஞ்சோங் பியாய், புலாவ் குக்குப் ஆகிய மூன்றும் 2003இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கடற்குதிரையும் கடற்பசுவும் வாழும் இடம் மெராம்போங். 2014இல் ஃபாரஸ்ட் சிட்டித் திட்டத்திற்காக அங்குக் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டின் நடுவில் பணி நிறுத்தப்பட்டது. விரிவான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிற்குப் பிறகு, 2015 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பது இங்கு என் வாதமன்று. அத்தகைய மதிப்பீட்டில் ‘இங்கு இவ்வளவு கடற்புல் உள்ளது, இன்னின்ன மீன்கள் குஞ்சு பொரிக்கின்றன’ என்று எழுத வேண்டுமானால், முன்பே ஒருவர் அங்கு இறங்கி அளந்திருக்க வேண்டும். அளக்கப்படாத வளம் இழக்கப்பட்டாலும் கணக்கில் வராது.

பெற்றோர் கவனத்திற்கு

இத்துறையில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் நாட்டின் மீன்வள இலாகாவிற்கு ஆய்வு நிலையங்கள் பல உள்ளன. பினாங்கு பத்து மாவுங்கில் தலைமை ஆய்வுக் கழகமும், ஜெலுபு கிளாமி லெமியில் நன்னீர் ஆய்வு மையமும் உள்ளன. நம் கெலாங் பாத்தாவிலேயே உவர்நீர் வளர்ப்பு ஆய்வு மையம் அமைந்துள்ளது. உலக மீன் மையத்தின் தலைமையகம் இருப்பதும் பத்து மாவுங்கில்தான். ஆய்வாளர், மீன்வள அதிகாரி, மீன்நோய் வல்லுநர், பொரிப்பக நிர்வாகி, ஆய்வுக்கூட உதவியாளர், நீர்த்தர ஆலோசகர் எனப் படிகள் பல. எல்லாவற்றிற்கும் முனைவர் பட்டம் தேவையில்லை.

எஸ்பிஎம் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி பெற்று, படிவம் ஆறு, மெட்ரிகுலேசன் அல்லது டிப்ளோமா வழியாகச் செல்லலாம். திரெங்கானுவிலுள்ள மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மீன்வளம், நீர்வாழ் உயிரின வளர்ப்பு, கடலறிவியல் சார்ந்த படிப்புகள் உள்ளன. தமிழகத்தில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் இயங்கி வருகிறது. மருத்துவரைப் போல் பெரும் பொருள் ஈட்டும் துறை இது என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலும் சேறும் மீன்நாற்றமும் உண்டு. ஆனால் கற்றது ஊருக்குப் பயன்படுவதைக் கண்ணால் காணும் மனநிறைவு உண்டு.

ஆசிரிய நண்பர்களே, அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலி கற்பிக்கும்போது பாடநூலின் படத்தோடு நின்றுவிட வேண்டா. சந்தையில் வாங்கிய மீன்கள் பத்தை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். மாணவர்கள் அளக்கட்டும், எடை போடட்டும், செவுளைப் பார்க்கட்டும், அட்டவணையில் எழுதட்டும். மறுமாதமும் அதே வகை மீனைக் கொண்டு அதையே செய்யட்டும். இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிடும்போது எழும் ‘ஏன்?’ என்ற கேள்விதான் இத்துறையின் வித்து.

நம் முன்னோர் ரப்பர் மரத்தைப் படித்தனர். எந்த மரத்தில் எவ்வளவு பால் சுரக்கும் என்பதைத் தொட்டே சொன்னனர். அந்தக் கூரிய பார்வை நம் பிள்ளைகளின் குருதியிலும் உண்டு. அதை நீரின் பக்கமும் சற்றுத் திருப்பி விடுவோம். நீரிணை நமக்காகக் காத்திராது. அதைப் படிப்பவர் வரிசையில் நாளை நம் பள்ளிப் பிள்ளை ஒருவரின் பெயரும் இடம்பெறட்டும்.